'ஊ' என்று குறித்த துண்டு

கும்மிடிப்பூண்டி
24 ஜூலை 2023

பூமி,

உன் கல்யாணத்துக்குப் பிறகு எழுதும் முதல் கடிதம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இப்படி. ஒரே ஒரு நிபந்தனை. 'நலம், நலமறிய ஆவல்' வேண்டாம். யோசிக்காமல் எழுதுகிற பொய் அது. உடம்பில் எது வலிக்கிறதோ அதை முதல் வரியில் எழுதுவோம்.

எனக்கு முதுகு.

முதல் ஆடிக்கு உன்னை அழைத்து வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். ஆவணி பிறந்து சரவணகுமார் வந்து ஊத்துக்கோட்டைக்குக் கூட்டிப்போகும்வரை நீ திருப்பாச்சூரில்தானே இருப்பாய். அதுவரை ஓர் உதவி. இதோடு வரும் புத்தகங்களை என் அறையில் வை. தரையில் நேராக வைக்காதே, அடியில் பலகை போடு. நைனா கண்ணில் படாமல் செய். உன் கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் என் புத்தகங்களைப் பற்றி அவர் பேசியதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வர எனக்கு மனம் இல்லை.

ஒன்று ஜப்பானியக் கோயில் கூரைகளைப் பற்றியது. ஒன்று மலையாள வீடுகளின் உத்திரங்கள். மூன்றாவது ஜெர்மன். எனக்கு ஜெர்மன் தெரியாது, படங்கள் தெரியும். ஆணியே இல்லாமல் மரத்தை மரத்தோடு பூட்டும் முறைகளுக்கு மட்டுமான ஒரு நூலகம். அதைச் சேர்த்து முடித்துவிட்டால் என் வாழ்க்கையில் ஒரு காரியமாவது முழுமையாக நடந்திருக்கும்.

கட்டடக்கலை படித்தேன். இப்போது, காட்டுப்பள்ளியில் கப்பல் ஏறும் இயந்திரங்களுக்குப் பைன் மரப்பெட்டி அடிக்கும் யூனிட்டில் சரிபார்க்கிறேன். நாள் முழுக்க ஆணித் துப்பாக்கிச் சத்தம். கூடத் தங்கியிருக்கும் மோகன்ராஜ் நேற்று சொன்னான்: "பகல் பூரா ஆணி அடிச்சிருக்கானான்னு பாக்குற. ரூமுக்கு வந்தா ஆணி இல்லாம எப்டின்னு படிக்கிற. எதனா ஒண்ண நிறுத்து தலைவா, பேஜாரா கீது."

முதுகு நிமிர்ந்தால் மறுபடி எழுதுகிறேன்.

வசந்த்


திருப்பாச்சூர்
3 ஆகஸ்ட் 2023

அண்ணா,

எனக்கு வலது மணிக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இங்கே அல்ல, ஊத்துக்கோட்டையில், வருவதற்கு முன்பு. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நைனா கண்ணில் படாமல் எப்படி வைப்பது? தபால்காரர் பார்சலை அவர் கையில்தான் கொடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டுக் கூடத்தில் நின்று சத்தம் போட்டார். "மரத்தப் பத்தி இத்தினி பொஸ்தகமா? மரத்த வெட்டித்தான்டி பொஸ்தகமே பண்றானுங்கோ. அத்த வெட்டாம வுட்டிருந்தா நெழலாவது குடுத்திருக்கும்." அம்மாகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் உன் அறையில் வைக்கத் தடை சொல்லவில்லை. அது ஆம்பளப் பிள்ளையின் அறையாம். நீ வந்தாலும் வராவிட்டாலும் உன்னுடையது.

பலகை போட்டு அடுக்கிவிட்டேன். இரவில் நான் கூடத்தில், நெல்மூட்டைக்கும் டிவிக்கும் நடுவில் படுக்கிறேன். பகலில் உன் அறைக்குள் போய்விடுகிறேன். இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற அறை அது ஒன்றுதான். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜெர்மன் புத்தகத்தில் படம் பார்க்கிறேன். எனக்கும் ஜெர்மன் தெரியாது.

பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா வாசலில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "இன்னா பூமி, ஆடி சீரு பலமா? மாப்ள போன் பண்றாரா?" பண்ணுகிறார். நான் எடுப்பதில்லை.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பூமி


கும்மிடிப்பூண்டி
23 ஆகஸ்ட் 2023

பூமி,

முதுகு அதேதான். உன் மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். குளியலறைத் தரையை மாப்பிள்ளையிடம் சொல்லிச் சொரசொரப்பாகப் போடச் சொல்.

இன்னும் ஐந்து அனுப்பியிருக்கிறேன். நீலக்கட்டு போட்டது பழைய புத்தகம், நார்வே நாட்டு மரத் தேவாலயங்கள். பூச்சி அரித்த பக்கங்கள் இருக்கின்றன. தனியாக வை, மற்றவற்றுக்குப் பரவும். நான்கு மூலையிலும் வேப்பிலை வை. சன்னலை மாலையில் மூடு. காகிதத்துக்கு ஈரம் ஆகாது, வெயிலும் ஆகாது. அவற்றுக்கு நிம்மதியான ஓர் இருட்டு வேண்டும்.

ஆவணி பிறந்துவிட்டது. நீ கிளம்புவதற்குள் அறையை அளந்து அனுப்பிவிடு. நீளம், அகலம், சன்னலிலிருந்து கதவு வரை. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது.

வசந்த்


திருப்பாச்சூர்
16 செப்டம்பர் 2023

அண்ணா,

மணிக்கட்டு இன்னும் வீங்குகிறது. கூடவே இப்போது தூக்கமும் இல்லை. அதை வலியில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

நாளைக்கு ஆவணி கடைசி. நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நேராகக் கேட்கிறேன், ஏனென்றால் சுற்றி வளைத்தால் உனக்குப் புரியாது. உன் அறையை எனக்குக் கொடுப்பாயா?

போன ஞாயிறு நைனாவிடம் நான் திரும்பிப் போகவில்லை என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லியைப் பிய்த்தபடியே சொன்னார்: "போவலன்னா எங்க இருப்ப? கண்ணாலம் ஆன பொண்ணு கூடத்துல படுத்துக்கினு கெடந்தா வர்றவன் போறவன்லாம் இன்னா பேசுவான்?" அந்த அறையில் இருந்துகொள்கிறேன் என்றேன். "அது அவன் ரூமு. அவனாண்ட கேளு. அவன் சரின்னா எனுக்கு இன்னா."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் என்னைப் போ என்று சொல்லவில்லை. உன்னைக் கேட்கச் சொன்னார்.

ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், தாழ்ப்பாள். புத்தகங்களைக் கூடத்தில் பீரோ பக்கத்தில் அடுக்கி நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரு வேப்பிலைகூடக் குறையாது. நீ நைனாவுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

பூமி


கும்மிடிப்பூண்டி
11 அக்டோபர் 2023

பூமி,

முதுகோடு இப்போது கழுத்தும். குனிந்து இழைத்ததால். காரணம் கீழே.

அறையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் அதே கவலைதான். புத்தகங்கள் தரையில் பரவிக் கிடப்பதால்தான் அங்கே இடம் இல்லாமல் போகிறது. அதற்கு வழி செய்துவிட்டேன். ஓர் அலமாரி. கழிவுப் பைன் மரத்தில், ஷிப்ட் முடிந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓர் ஆணி கிடையாது. படித்ததை முதல்முறையாகக் கையால் செய்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் லாரி டிரைவர் தாவீது திருவள்ளூர்ப் பக்கம் வரும்போது இறக்கிவிடுவார். துண்டு துண்டாக வரும், நீதான் பூட்ட வேண்டும். சுலபம். ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் நாக்கு மாதிரி செதுக்கியிருப்பேன். அது கழுந்து. அது போய் உட்கார்வதற்குத் தூணில் ஒரு துளை. கழுந்திலும் துளையிலும் ஒரே எழுத்து இருக்கும். அ-வுக்கு அ, ஆ-வுக்கு ஆ. பழைய தச்சர்கள் கூரை கோக்கும்போது இப்படித்தான் குறிப்பார்கள். இங்கிலாந்துத் தச்சர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கல்யாண அடையாளம். இந்தக் கழுந்து இந்தத் துளைக்கென்றே செதுக்கப்பட்டது, வேறெதிலும் உட்காராது என்று அர்த்தம். அழகான சொல் இல்லையா?

எந்தத் துண்டாவது பொருந்தவில்லை என்றால் அதன் எழுத்தை மட்டும் எழுது. வந்துவிடுவேன்.

கட்டிலை அந்த அறையில் போடாதே. மேற்குச் சுவர் முழுக்க அலமாரி வரும்.

வசந்த்


திருப்பாச்சூர்
22 நவம்பர் 2023

அண்ணா,

வலி எதையும் எழுதத் தோன்றவில்லை. உன் நிபந்தனைக்காக: மணிக்கட்டு.

பதில் தாமதம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் அதில் எங்கேயோ இருக்கும் என்று தேடினேன்.

தலை தீபாவளி முடிந்தது. மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. அன்று காலையில் அம்மா எனக்கு எண்ணெய் வைத்தாள். தலையில் ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு தேய்த்தாள். இந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை, கவனித்திருக்கிறாயா?

நீ வருவாய் என்று நினைத்தேன். கப்பலுக்குச் சரக்கு போக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம்.

தாவீது அலமாரித் துண்டுகளை இறக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாம்மா, இதுல ஒரு ஆணிகூட இல்லியாமே. ஒங்க அண்ணன் யூனிட்டுக்கே அதிசயப் பொறவி. தினம் இதும் பக்கத்துலயே குந்திக்கினு கொழந்தைய தடவுற மாதிரி தடவிக்கினு இருப்பாரு." அவர் போனபின் அந்தச் சட்டங்களை நானும் தடவிப் பார்த்தேன். ஒரு சிலாம்புகூட இல்லை. இவ்வளவு கவனம் உன்னிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நானே பூட்டினேன். அ, ஆ, இ, ஈ, உ எல்லாம் உட்கார்ந்தன. ஊ உட்காரவில்லை. அதுதான் குறுக்கே போகிற நீளச் சட்டம். அது இல்லாமல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "ஊ-ன்னா இன்னாடி, நம்ம ஊடா, ஊத்துக்கோட்டையா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் வந்துவிட்ட கேள்வி. உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எழுத்தை மட்டும் எழுது, வந்துவிடுவேன் என்றாய்.

ஊ.

பூமி


கும்மிடிப்பூண்டி
13 டிசம்பர் 2023

பூமி,

முதுகு. மழையில் யூனிட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இரண்டு நாளாகச் சேறு வாருகிறோம். அங்கே வெள்ளம் இல்லை என்று அம்மா சொன்னாள். புத்தகங்கள் உயரத்தில்தானே இருக்கின்றன?

இந்த நிலையில் வர முடியாது. ஊ ஒரு பெரிய விஷயம் இல்லை. பார்சலில் ஒரு கொட்டாப்புளி வைத்திருக்கிறேன், தச்சர்கள் உளியைத் தட்டும் மரச் சுத்தி. கழுந்தின் முனையைத் துளையில் வைத்துப் பின்னாலிருந்து தட்டு. கோபமாக அல்ல, நிதானமாக. இறுக்கமாக இருக்கிறது என்றால் நன்றாகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தொடக்கத்தில் எல்லாக் கழுந்தும் அடம்பிடிக்கும். தட்டத் தட்ட வழிக்கு வரும்.

நைனாவிடம் கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையும் நீயும் உட்கார்ந்து பேசினால் தீராதது என்ன இருக்கிறது? எனக்கு இதிலெல்லாம் என்ன சொல்வதென்று தெரிவதில்லை.

அலமாரி நின்றதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

வசந்த்


திருப்பாச்சூர்
29 டிசம்பர் 2023

அண்ணா,

தட்டினேன். இடது கையால். தூண் பிளந்துவிட்டது.

நேற்று ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். அவரும் அவர் அம்மாவும். அவர் நைனாவின் காலைத் தொட்டார். பிறகு என் அறைக்குள், மன்னித்துக்கொள், உன் அறைக்குள் போய்ப் புத்தகங்களைப் பார்த்தார். "மச்சான் பெரிய ஆளு போல" என்றார். அலமாரியில் கை வைத்து ஆட்டினார். "ஆடுது. நாலு ஆணி அடிச்சா நிக்கும்."

அவர் அம்மா கேட்டாள்: "தையில அனுப்பி வைக்கிறீங்களா?" நைனா என்னைப் பார்த்தார். "அண்ணன் இன்னா சொன்னான்?" என்று கேட்டார். எல்லோரும் இருக்கும்போது.

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தட்டத் தட்ட வழிக்கு வரும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதானே.

புத்தகங்கள் எல்லாம் உயரத்தில் இருக்கின்றன. ஒன்றும் நனையவில்லை.

பூமி


கும்மிடிப்பூண்டி
22 ஜனவரி 2024

பூமி,

எனக்கு எது வலிக்கிறது என்று எழுத முடியவில்லை.

காணும் பொங்கலன்று வீட்டுக்குப் போனேன். நைனா வாசலிலேயே, "வாடா, வா. ஒன் தங்கச்சி நேத்துதான் போச்சி. ஒன் பொஸ்தகத்துக்கு எடம் ஆயிட்ச்சி, போய்ப் பாரு" என்றார். குத்தலா, சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் முகமும் சரியாக இல்லை.

அறையைத் திறந்தேன். அலமாரி சுவரில் சாய்ந்து நின்றது. பிளந்த தூணைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறாய். புத்தகங்கள் நாடுவாரியாக இருந்தன. ஜப்பான், நார்வே, ஜெர்மனி, மலையாள நாடு. நான் சொல்லவே இல்லை. மூலைகளில் வேப்பிலை பச்சையாக இருந்தது. போகிற அன்று மாற்றியிருக்கிறாய்.

'ஊ' மூலையில் தனியாக நின்றது. எடுத்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் உப்பியிருந்த கழுந்து. உப்பிய கழுந்தைத் தட்டக்கூடாது, பூமி. காயும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தூண் பிளக்கும். அந்த அலமாரியில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. பொருந்தவில்லை என்று நீ எழுதியபோது என்ன மாதம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

அம்மா சமையலறையில் இருந்தாள். கையில் என்ன, தலையில் என்ன என்று கேட்டேன். "இப்ப கேக்குறியா?" என்றாள். அவ்வளவுதான். அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

புத்தகங்களைக் கூடத்துக்கு எடுத்து வந்துவிட்டேன். அலமாரியைக் கழற்றிவிட்டேன். அறையில் இப்போது ஒரு கட்டில் மட்டும் இருக்கிறது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். நைனாவிடமும் சொல்லிவிட்டேன். "இத்த ஆவணியிலயே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

உன் போன் அணைத்தே இருக்கிறது. திடீரென்று வந்து நின்றால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். நீ நீளமாக எழுத வேண்டாம். யாராவது பார்ப்பார்கள் என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கார்டில் அந்த எழுத்தை மட்டும் எழுது. 'ஊ' என்று மட்டும். தாவீதை வண்டியோடு கூட்டிக்கொண்டு அன்றைக்கே வருகிறேன்.

வசந்த்


ஊத்துக்கோட்டை
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

இங்கு அவரும் அத்தையும் நானும் மிகவும் சௌக்கியம். அங்கு நைனா, அம்மா, தாங்கள் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. அவரும் படித்து மிகவும் சந்தோஷப்பட்டார். தங்கள் புத்தகங்களை மீண்டும் அறையிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடத்தில் இருந்தால் தூசி படியும்.

தாங்கள் விசாரித்திருந்த துண்டு பொருந்திவிட்டது. தாங்கள் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பூமிகா சரவணகுமார்